டிக்கெட் வீடு திரும்பிய கதை

எங்கள் எதிர்வீட்டு ஹரிராம் அண்ணன் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் டிவியில் நாய்ப்படம் ஓடினால் தெருவுக்கே தெரிந்துவிடும். தொலைந்துபோன நாய் மலை ஏறி, ஆறு நீந்தி, கடைசியில் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் என் வீடு வரை கேட்கும். பார்த்த படத்துக்கே திரும்பத் திரும்ப அழுகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

அவருடைய நாயின் பெயர் டிக்கெட். குட்டியாகப் பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தபோது கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். அதையே பெயராக வைத்துவிட்டார். அந்த நாயோடு அவர் பேசுவது வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில்தான். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அந்தப் பேச்சைக் கேலி செய்ததிலிருந்து, வெளியாட்கள் காதுபட அதைப் பேசமாட்டார். கேட்டைத் தாண்டினால் மனைவி சாரதாம்பாளிடம்கூடத் தமிழ்தான்.

போன மாதம் வில்லாபுரத்தில், எங்கள் தெருவிலிருக்கும் அவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வாசனை ஆகாது என்று டிக்கெட்டை ஊரின் மறுகோடியில், கோச்சடையில் இருக்கும் மகள் வித்யாஸ்ரீ வீட்டில் விட்டிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே மகளிடமிருந்து போன். பால்காரருக்குக் கதவைத் திறந்த நேரத்தில் நாய் ஓடிவிட்டது.

சாரதாம்பாள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். அண்ணன் மட்டும் கேட்டை விரியத் திறந்துவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பதறாத. நாய்க்கு வழி தெரியும். பொழுது சாயுறதுக்குள்ள வந்துரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, படத்துல வர்ற நாய் பைபாஸ் ரோட்டைத் தாண்டுறதில்ல. கிளம்புங்க, தேடுவோம்."

"நான் போன நேரத்துல அது வந்து நின்னா யாரு இருப்பா, கிளமெண்ட்?"

வெயில் சாய்ந்தது. தெருவில் எந்த நாய் குரைத்தாலும் அவர் எழுந்து நின்றார். உட்காரும்போது ஒவ்வொரு தடவையும் முகம் இன்னும் கொஞ்சம் செத்திருந்தது. இருட்டிய பிறகு, "எம்புட்டு லாரி ஓடுற ரோடு அது" என்று தானாகவே சொன்னார்.

வித்யாஸ்ரீ வாட்ஸப்பில் போட்ட நாயின் போட்டோவைப் பார்த்து, மறுநாள் அழகுராஜா என்ற லாரி டிரைவர் கூப்பிட்டார். பாதி வழியில், பழங்காநத்தத்தில், அவர் லாரிக்கு அடியில் ஒரு நாய் பதுங்கியிருக்கிறது, விரட்டினாலும் வரவில்லை, லோடு ஏற்றியாகிவிட்டது என்றார். அண்ணன், அக்கா, நான் மூவரும் ஆட்டோவில் பறந்தோம்.

டிக்கெட்தான். காதில் ரத்தம் காய்ந்திருந்தது. பின்சக்கரத்தோடு ஒட்டிப் படுத்து நடுங்கியது. சுற்றிலும் கூட்டம், ஆளுக்கொரு பக்கம் குச்சி, ஆளுக்கொரு சத்தம்.

"டிக்கெட்டு, வாடா! வெளிய வாடா!" என்று அண்ணனும் அதே கூட்டத்தோடு கத்தினார். அது அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமி, இன்னும் உள்ளே நகர்ந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னைய மறந்துருச்சே."

"அண்ணே, இனியும் நிக்க முடியாதுண்ணே. வண்டியை எடுக்கணும்" என்றார் அழகுராஜா. அவர் முகத்திலும் கலவரம்தான்.

சாரதாம்பாள் அக்கா குனிந்து புருஷனின் தோளைப் பிடித்தார். "ஏங்க, வீட்ல கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க."

அண்ணன் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு பேர். முகம் சிவந்துவிட்டது. பிறகு வயிறு தரையில் படக் கவிழ்ந்து படுத்து, லாரிக்கு அடியில் தலையை நீட்டி, மெதுவாக அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார். எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் தினமும் சோற்றுத் தட்டை வைக்கும்போது எதிர்வீட்டிலிருந்து கேட்கிற அதே வார்த்தைகள். யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

நடுக்கம் நின்றது. டிக்கெட் காதைத் தூக்கியது. பிறகு வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வந்து, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும் வரை அவர் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. அழகுராஜாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னதும் சௌராஷ்டிரத்தில்தான். அவரும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.