விழுந்த பின்னும் பதினான்கு நாள்

1971ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், புறநகரான ரொக்ஸ்பரோவின் இரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்து அனுசூயாவின் வீட்டு மணியை முதன்முறையாக அழுத்தியபோதும் மணிவாசகத்தின் கையில் அந்த இரண்டு அட்டைகள் இருந்தன. புதுச் சட்டையின் மடிப்புக் குலையாதிருக்க உள்ளே வைப்பார்களே, அந்த அட்டைகள். அவற்றின் நடுவில் தாள்களை வைத்துச் சணற்கயிற்றால் கட்டியிருப்பார். முடிச்சைத் தாமே அவிழ்ப்பார். பிறரைத் தொட விடமாட்டார். “ஒண்ணே ஒண்ணுதான் அக்கா, சின்ன அடிக்குறிப்பு” என்பார். அவிழ்த்தால் பதினோரு பக்கம் இருக்கும்.

அனுசூயா வீட்டிலிருந்தபடியே ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பவர். மணிவாசகம் நகர மையத்துக் கல்லூரியொன்றில் அரசியல் பாடம் நடத்தும் தற்காலிக விரிவுரையாளர், ஊர் திருச்சி. முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், போருக்குச் சற்று முன்னர் ஹாலந்தில் பெரும்பான்மை இல்லாமலேயே சில கட்சிகள் கூடி அமைத்த அமைச்சரவை. 1939 ஜூலை 25, செவ்வாய்க்கிழமை பதவியேற்றது. வியாழக்கிழமை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஐம்பத்தைந்துக்கு இருபத்தேழு என்று தோற்றது.

அனுசூயாவின் கணவர் பாலகிருஷ்ணன் பொறியாளர். மணிவாசகம் வந்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார்.

“ஏம்ப்பா மணி, செவ்வாக்கிழமை பதவி ஏத்தா எப்படி உருப்படும்?”

“வியாழக்கிழமை விழுந்தாங்களே சார், அது நல்ல நாள்தானே?”

“நம்ம வீட்டுப் பால் பையே இன்னும் நாலு நாள் தாங்கும். ரெண்டு நாள் ஆண்டவங்களைப் பத்தி நாலு வருஷமா எழுதுறியே!”

“ரெண்டு நாள் இல்ல சார், பதினாறு நாள்.”

இந்த ஒன்றில் மட்டும் மணிவாசகம் சிரிக்கமாட்டார். தோற்ற அமைச்சர்கள் அன்றே கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அடுத்த அமைச்சரவை ஆகஸ்டு பத்தாம் தேதிதான் வந்தது. இடைப்பட்ட பதினான்கு நாளும் நாட்டை நடத்தியவர்கள் அவர்களே. அந்தப் பதினான்கு நாளைப் பற்றித்தான் கடைசி அத்தியாயம். அதற்கு அக்காலத்து டச்சு நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகச் சிறிதாக்கிப் படமெடுத்து வைத்த படச்சுருள்கள் வேண்டும். அவை வெளியூர் நூலகம் ஒன்றிலிருந்து வரவேண்டியிருந்தன.

1975 மே மாத இறுதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும், கொடுக்காவிட்டால் ஆகஸ்டோடு முடியும் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால்தான் மனைவி ரமாவைத் திருச்சியிலிருந்து இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள முடியும். மே இருபதாம் தேதிவரை சுருள்கள் வரவில்லை.

அனுசூயா அதுவரை முடித்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் சீராக அடுக்கி அவர்முன் வைத்தார். “இப்படியே கொடுத்துடுங்க மணி. யாரும் குறை சொல்லமாட்டாங்க. ரமாவை நினைச்சுப் பாருங்க.”

மணிவாசகம் மேல்தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். “விழுந்ததோட நிறுத்தினா, அவங்க ரெண்டு நாள்தான் இருந்தாங்கன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும் அக்கா.”

“ஆனா ஆகட்டுமே. செத்துப்போன மந்திரிங்க வந்து கேக்கப்போறாங்களா?”

“கேக்கமாட்டாங்க. அதனாலதான் அக்கா.”

மே முடிந்தது. ஜூன் நடுவில் கடிதம் வந்தது: அவருடைய இடத்துக்கு டொராண்டோவிலிருந்து வேறொருவர் செப்டம்பரில் வருகிறார். சுருள்கள் ஜூலை மூன்றாம் தேதி வந்து சேர்ந்தன. பாலகிருஷ்ணனுக்குக் கேலி பேச மனம் வரவில்லை. “ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோடையில் பகலெல்லாம் கோடை வகுப்பு, மாலையில் படச்சுருள். கடைசி அத்தியாயம் நாற்பது பக்கம் வந்தது. தோற்றவர்கள் அலுவலகம் வந்தார்கள், கடிதங்களுக்குப் பதில் எழுதினார்கள், கோப்புகளில் கையொப்பமிட்டார்கள். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. தட்டச்சு செய்யும்போது அனுசூயாவுக்கே சலிப்புத் தட்டியது. ஆகஸ்டு நடுவில் ஆய்வேடு பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது. பட்டம் ஒருநாள் வரலாம். வேலை போனது போனதுதான். “கொஞ்ச நாள் பொறுத்துக்கன்னு ரமாவுக்கு எழுதிட்டேன்” என்றார் மணிவாசகம்.

இனி அவர் வரமாட்டார் என்று அனுசூயா நினைத்தார். ஆகஸ்டின் கடைசி வியாழக்கிழமை வாசல் மணி அடித்தது. அதே அட்டைகள், அதே கயிறு. அவிழ்த்தபோது உள்ளே உண்மையாகவே ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

‘அறையின் சன்னல் இறுகியிருக்கும், கைப்பிடியை மேலே தூக்கிப் பிறகு இழுக்கவும். இரண்டாம் இழுப்பறை பூட்டாது. மாணவர்களின் கோடைத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி, அகரவரிசையில் இடப்புற அலமாரியில் உள்ளன. செப்டம்பர் வகுப்பிலும் தொடரும், மூன்றாம் வரிசையில் அமரும் பெண்ணுக்கு ஒரு காது கேளாது. அவள் பக்கம் திரும்பிப் பேசவும்.’ இப்படிப் பதினேழு குறிப்புகள், ஆங்கிலத்தில், அவருடைய குறுகிய கையெழுத்தில்.

“நாளைக்குத்தான் எனக்குக் கடைசி நாள் அக்கா. புதுசா வர்றவர் மேசையில வைக்கணும். என் எழுத்து அவருக்குப் புரியாது.”

அனுசூயா தாளைச் செருகித் தட்டச்சு செய்தார். பதினேழாவது முடிந்ததும் கீழே வழக்கம்போல் அவர் பெயரைப் போட விசையில் விரல் வைத்தார்.

“பேர் வேணாம் அக்கா” என்றார் மணிவாசகம், கயிற்றை விரலில் சுற்றியபடி. “அந்தக் காது கேக்காத பொண்ணு விஷயத்தை மட்டும் முதல்ல வர்ற மாதிரி இன்னொரு தடவை அடிச்சுத் தர்றீங்களா?”