நல்ல செய்தியும் கடைசி இதழும்

பத்திரிகைக் கடையில் நிற்கிறவர்களுக்கு எல்லாச் சஞ்சிகைகளின் அட்டையும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டால் திருதிருவென்று முழிப்போம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகள், ஜேர்மனியில் எசன் நகர ரயில் நிலையக் கடையில் வெளிநாட்டுச் சஞ்சிகைத் தட்டு என் பொறுப்பில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் கால் கடுக்க நின்ற என் இனத்தவரே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

எங்கே அடுக்குவது?

லண்டனிலிருந்து மாதம் ஒரு சித்திரக்கதைச் சஞ்சிகை வரும். ஒரே இதழில் நாலைந்து தொடர்கதைகள். எல்லாம் விண்கலம், வேற்றுக்கிரகம், இயந்திர மனிதர். சிறுவர்களுக்கானது என்று நினைத்து, வர்ணம் தீட்டும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கீழ்த்தட்டில் வைத்தேன். ட்ராம் ஓட்டுநர் சீருடையில் வந்த ஒரு நரைமீசைக்காரர் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து அதை எடுத்தார். பெயர் ஹெர் கிராவுசே, நம் வழக்கில் திரு. கிராவுசே, என்று பிறகு தெரிந்துகொண்டேன். "பேரனுக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எனக்கு. இதில் ஒரு விண்கலம் வழிதவறிப் போய்ப் பூமியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது வீடு சேரும்வரையாவது இதை என் இடுப்பு உயரத்தில் வையுங்கள்."

நின்ற நிலையில் வாசிப்பு

இன்னொரு வாசகியும் இருந்தாள். சுகந்தி, இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எசனில் மருத்துவம் படித்துக்கொண்டு, டோர்ட்மண்டிலிருந்து தினமும் வந்து போவாள். மாலை ரயில் வரும்வரை அந்தச் சஞ்சிகையை அட்டை முதல் அட்டை வரை நின்றபடியே வாசித்து, ஒரு மடிப்பும் விழாமல் திருப்பி வைப்பாள். அதே பிரதியைத்தான் கிராவுசே வாங்கிப் போவார்.

எங்கள் தொழிலில் எவ்வளவு விற்றது என்று பார்த்துத்தான் மொத்த வியாபாரி அடுத்த முறை அனுப்புவார். விற்காதது திரும்பிப் போகும். கட்டாக வந்தது தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒற்றைப் பிரதியாகிவிட்டது. "பிள்ளை, ஒருக்கா வாங்குமன். இஞ்சை ரெண்டு பேர் வாசிக்கினம் எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வாங்கலாம் அக்கா. ஆனா டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்ன படக்கதை எண்டு அப்பா கேப்பார். அவருக்கு விளங்கப்படுத்துறதைவிட நிண்டு வாசிக்கிறது சுகம்."

நல்ல செய்தி

ஒரு மாதம் அட்டையில் கொட்டை எழுத்தில், எல்லா வாசகர்களுக்கும் உள்ளே நல்ல செய்தி என்று போட்டிருந்தது. கிராவுசே வந்ததும் நானே எடுத்து நீட்டினேன். பார்த்தவுடன் மனிதருக்கு முகம் செத்துவிட்டது. பரிசு ஏதும் விழாமல் போயிற்றோ என்று நினைத்தேன்.

அவருடைய தாயார் போருக்குப் பின் இங்கே இருந்த பிரிட்டிஷ் படைமுகாமின் சமையலறையில் வேலை செய்தவராம். சிப்பாய்கள் வாசித்துவிட்டு எறிந்த சித்திரக்கதைகளை அள்ளிக்கொண்டு வருவாராம். கிராவுசே ஆங்கிலம் கற்றதே அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: அந்த நாட்டில் ஒரு சித்திரக்கதைச் சஞ்சிகையை மூடுவதற்கு முன், இன்னொன்றோடு இணைகிறது, நல்ல செய்தி என்றுதான் அறிவிப்பார்கள். உள்ளே புரட்டினோம். அடுத்த இதழோடு சரி. சில கதைகள் மட்டும் வேறொரு சஞ்சிகைக்கு மாறுகின்றன. அந்தச் சிலவற்றில் விண்கலம் இல்லை.

"கெட்ட செய்தி என்று போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது நம்பிக்கை இருந்திருக்கும்."

ஒற்றைப் பிரதி

கடைசி இதழும் ஒன்றே ஒன்றுதான் வந்தது. இன்னொன்று கிடைக்குமா என்று எங்கள் மேலாளர் ஃப்ராவ் பெண்டர் தொலைபேசியில் மன்றாடிப் பார்த்தார். இல்லையாம். அன்று பார்த்துச் சுகந்தி வாங்குவதென்றே வந்து நின்றாள். பின்னாலேயே கிராவுசேயும் வந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் கிராவுசே வாங்கினார். இருவரும் கடைக்கு முன்னாலிருந்த வாங்குப் பலகையில் அமர்ந்து அதை ஆளுக்குப் பாதி மடியில் விரித்து வைத்தார்கள். அவர் மெதுவாக வாசிக்கிறவர். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் முடித்துவிட்டு, அவர் விரலை எடுக்கும்வரை காத்திருந்தாள். டோர்ட்மண்ட் ரயில் போய்விட்டது. எனக்கோ கல்லாவில் வரிசை நீள்கிறது, கண் மட்டும் வாங்கில். அந்தக் கதையில் ஒரு வரிகூட நான் வாசித்ததில்லை. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன கலம் வீடு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் சில்லறையை இரண்டு முறை தப்பாக எண்ணினேன். ஊரை விட்டு வந்த எனக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

எழுந்து வந்தார்கள். "சேர்ந்ததே?" என்று சுகந்தியிடம் கேட்டேன். "ஓம் அக்கா, கடைசி மூண்டு பக்கத்திலை அவசர அவசரமா இறக்கிப்போட்டாங்கள். கதவு திறக்குது, முற்றும். வெளியிலை ஆர் நிக்கினம் எண்டு படத்திலை கீறேல்லை" என்றாள். கிராவுசே சஞ்சிகையை என் முன்னால் வைத்தார். முதலில் நான் வாசிக்க வேண்டுமாம், பிறகு அவளுக்குக் கொடுக்க வேண்டுமாம், தான் அவசரப்படவில்லையாம். தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நாங்கள் ட்ராமில்கூட, கதவைத் திறந்தால் ஆட்கள் இறங்கி முடியும்வரை நிற்போம்."

இப்படியாக, எங்கள் கடையில் ஒரு சஞ்சிகைக்கு வாசகர் கூடத் தொடங்கியது அது நின்றுபோன நாளிலிருந்துதான்.