இருபது குழாய் ரத்தம்

நாமக்கல்லில் ஒரு கோழி நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இரட்டை வேலை. காலையில் பண்ணைகளிலிருந்து வரும் ரத்தத்தைச் சோதிப்பேன். மதியத்துக்கு மேல் அந்த அளவுகளைக் கணினியில் கோத்து, எந்தப் பண்ணையில் நோய் தலைகாட்டப் போகிறது என்று கணிப்பேன்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பண்ணை. வாராவாரம் இருபது கோழிகளின் ரத்தம் வரும். ஒரே கொட்டகைக் கோழிகளானாலும் எதிர்ப்புச் சக்தி கூடக் குறையத்தான் இருக்கும். இங்கே இருபதிலும் ஒரே அளவு. கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன். மாறவில்லை. பழைய பதிவுகளைப் பார்த்தால், ஆறு வாரமாக அப்படித்தான் வந்திருந்தது.

நேரில் போனேன். உச்சி வெயில். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கேட்டைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"வாங்க அம்மிணி. மெதுவா பேசுங்க, கோழிங்க மிரண்டுக்கும்."

உள்ளே கூண்டுகள் வரிசை வரிசையாகக் காலியாக இருந்தன. தொட்டிகளில் மட்டும் அன்றைக்குப் போட்ட தீவனம். அந்த அம்மா ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

"இன்னைக்குச் சாவு ஒண்ணுமில்லீங்க" என்றார்.

கடைசிக் கூண்டில் ஒரே ஒரு கோழி இருந்தது. இறக்கையைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் எடுக்கும் நரம்பு நெடுக ஊசி குத்திக் கறுத்துக் கன்றியிருந்தது.

வெளியே அவருடைய கணவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "கோடையில வெக்கை தாங்காம, இந்த ஒண்ணைத் தவிர, ஒரே மத்தியானத்துல அத்தனையும் சுருண்டு உழுந்துருச்சுங்க அம்மிணி. மொதலாளி பண்ணையை மூடிட்டாரு, நாங்க காவலுக்கு இருக்கறோம். அவளுக்கு மட்டும் அது இன்னும் மனசுல ஏறல. ஏதோ பெட்டி கட்டிக் குடுப்பா. அது உங்ககிட்ட வருதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "இனிமே இந்தக் கோழிகிட்ட ரத்தம் எடுக்காதீங்கம்மா, தாங்காது" என்றேன்.

"செரிங்க அம்மிணி. எடுக்கல."

பண்ணைகளிலிருந்து பெட்டிகளை எடுத்துவரும் எங்கள் வண்டிக்காரரிடம், இனி அங்கே போக வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த வாரமும் பெட்டி வந்தது. இருபது குழாய்கள், அதே அழகான கையெழுத்தில் எண்கள். இந்தத் தடவை கருவி இருபதிலும் சுழியைக் காட்டியது. தடுப்பூசி போட்ட கோழிக்குச் சுழி வராது. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் வைத்தேன்.

கோழியின் சிவப்பணு முட்டை வடிவில் இருக்கும், நடுவில் கருமையாக உட்கரு தெரியும். இவை வட்டமாக இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. கல்லூரியில் முதல் வருடம் என் விரலைக் குத்திப் பார்த்த அதே அணுக்கள்.

அவருடைய கணவருக்கு போன் செய்தேன்.

"ஐயா, அம்மா கையைப் பாருங்க."

அவர் நடப்பது கேட்டது. பிறகு, "கையைக் காட்டு" என்றார்.

"முழங்கை வரைக்கும் ஊசி குத்துன தடமுங்க அம்மிணி."

அவருக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் நிதானமாகக் கேட்டது: "கோழிகிட்ட எடுக்க மாட்டேன்னு அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

அன்றைக்கே கணவர் அவரைச் சேலத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். சில மாதம் மருத்துவம் நடந்தது. இப்போது அந்த அம்மா ஓமலூரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார், தேறிவிட்டார் என்று கணவர் சொன்னார். எங்கள் மேலாளர் சொன்னபடி அந்தப் பண்ணையின் பதிவுகளை எல்லாம் நீக்கினேன்.

அன்று வாக்கு வாங்கும்போது நான் கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஓமலூருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் போகவில்லை.