பஜ்ஜியோடு கிரிவலம் போன அமெரிக்க ரகசியம்

அந்தப் பௌர்ணமி நாள் பிற்பகலில் நான் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் நின்று, முன்பின் தெரியாத ஓர் அமெரிக்கரின் மூலநோய் விவரத்தைப் படித்துக்கொண்டே மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். அவருடைய வயது, எடை, எங்கே வலி, எப்போது ஆபரேஷன் எல்லாம் பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிப் பளிச்சென்று தெரிந்தன. மேலே அவர் பெயர். அதற்கும் மேலே அந்த ஊர் ஆஸ்பத்திரியின் பெயர். அதைப் பார்த்ததும் பஜ்ஜியை நகர்த்திவிட்டு மறுபடி படித்தேன். அந்த ஆஸ்பத்திரியின் ரகசியங்கள் வெளியே போகாமல் இருக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த வக்கீல் நான்தான்.

நாங்கள் நிபுணர் ஆன விதம்

இளம் வக்கீல்களே, 'ஹெல்த் டேட்டா லா' என்று இன்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறீர்கள். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில் எங்கள் ஊரில் அப்படி ஒரு பேச்சே கிடையாது. நானும் சட்டக் கல்லூரியில் உடன் படித்த தனலட்சுமியும் சேர்ந்து நடத்திய ஆபீசுக்குப் பாகப்பிரிவினை, செக் பவுன்ஸ், வாய்க்கால் தகராறு இவைதான் வரும்.

ஒருநாள் பாஸ்கர் வந்தார். வேங்கிக்காலில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சென்டர் வைத்திருந்தார். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள்; இங்கே பெண்கள் ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆஸ்பத்திரிகளிடமிருந்து இந்த வேலையை வாங்கித் தரும் அமெரிக்கக் கம்பெனியோடு அதற்கு ஓர் ஒப்பந்தம் வேண்டும். "மெட்ராஸ்ல ஃபீஸ் ஜாஸ்தி கேக்கறாங்க சார்" என்றார். எங்கள் தகுதி அதுதான்.

அமெரிக்கச் சட்டத்தை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தோம். பாஸ்வேர்டு, சர்வர், பூட்டு, வாட்ச்மேன் எதையும் விடவில்லை. தகவல் கசிந்தால் அமெரிக்கக் கம்பெனிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து வைத்தோம். எழுதி முடித்தபோது அந்த இங்கிலீஷைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பஜ்ஜியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

துரத்தல்

"ஏம்மா, இந்தப் பேப்பர் ஏது?"

கடைக்கார மல்லிகா பெருமையாகச் சொன்னார். "எம் பொண்ணு செல்வி ஆபீஸ்ல வேஸ்ட்டா போறது சார். வேங்கிக்கால்ல அமெரிக்காவுக்கு டைப் அடிக்குது. நல்ல பேப்பரு, எண்ணெய் கையில ஒட்டாது."

"மிச்ச பேப்பர் எல்லாத்தையும் எனக்கு குடுத்துடுங்க."

"அப்ப பஜ்ஜிய கையிலயா குடுக்கறது?"

"பஜ்ஜியும் நானே வாங்கிக்கறேன்."

"இன்னா சார், வூட்ல விசேஷமா?"

ஒரு பை நிறைய பஜ்ஜி, கையில் ஒரு கட்டு பேப்பர். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு நடந்துவிட்டவர்கள் பின்னால் ஓடினேன். வேறு ஊராக இருந்தால் உதைத்திருப்பார்கள். கிரிவலப் பாதையில் ஒருவன் எண்ணெய்க் காகிதத்தைக் கெஞ்சிக் கேட்டால் அது ஏதோ வேண்டுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெரியவர் காகிதத்தோடு ஒரு ரூபாயும் கொடுத்தார். ஒரு அம்மா பேப்பரைக் கொடுத்துவிட்டு, தன் பேரனுக்குத் திருநீறு வைத்துவிடச் சொன்னார். வைத்துவிட்டேன். பயந்துபோன வக்கீல் எந்தத் தொழிலும் செய்வான்.

ஆனாலும் சில காகிதங்கள் என்னை முந்திக்கொண்டு மலையைச் சுற்றிப் போய்விட்டன.

வேங்கிக்காலில்

தனலட்சுமியை அழைத்துக்கொண்டு நேரே பாஸ்கர் ஆபீசுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு அமெரிக்கச் சிறைதான் கண்ணில் தெரிந்தது.

"தனம், அங்க ஜெயில்ல சைவம் போடுவாங்களா?"

"போடுவாங்க. பஜ்ஜி மட்டும் கேக்காத."

பாஸ்கர் பேப்பர் கட்டைப் பார்த்தார். மேல் தாளை முகர்ந்தார். பிறகு, "விடுங்க சார். அமெரிக்காக்காரன் இங்க வந்து பஜ்ஜி துன்னுட்டுப் படிக்கப் போறானா?" என்றார்.

"செங்கம் ரோட்டுல போய்ப் பாருங்க பாஸ்கர்" என்றாள் தனலட்சுமி. "ஆசிரமத்தாண்ட பாதி அமெரிக்கா உக்காந்துனு இருக்கு."

பாஸ்கர் உடனே வேறு வழி பிடித்தார். "அப்ப அந்தப் பொண்ணு திருடிட்டான்னு எழுதி, வேலைய வுட்டு எடுத்துட்டேன்னு அனுப்பிடறேன். கான்ட்ராக்ட் போச்சுன்னா இத்தனை பொண்ணுங்களும் வூட்டுக்குப் போக வேண்டியதுதான்."

செல்வியைக் கூப்பிட்டார்கள். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"திருடலீங்க சார். டைப் அடிச்சத தப்பு பாக்கறதுக்குள்ள கரண்ட் போயிடுது. டைமுக்கு அனுப்பலைன்னா நீங்க திட்டறீங்க. அதான் கரண்ட் இருக்கறப்பவே பிரிண்ட் போட்டு வெச்சுனு, ஜன்னலாண்ட உக்காந்து படிக்கறோம். அப்புறம் அது வேஸ்ட்டு. வெளிய போட்டா எவனோ பொறுக்கினு போய் கடைக்குப் போடறான். எங்கம்மாவும் கடைதானே வெச்சிருக்குன்னு எடுத்துனு போனேன். கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க."

"இதெல்லாமா சொல்லுவாங்க?" என்றார் பாஸ்கர்.

"சொல்லணும்" என்றாள் தனலட்சுமி. "எழுதியே சொல்லணும். அதுக்குத்தான் எங்களுக்கு ஃபீஸ் குடுத்தீங்க. கரண்ட் போகாத ஊரு சட்டத்தப் படிச்சிட்டு கரண்ட் போற ஊருக்கு ஒப்பந்தம் எழுதினோம். இதுல இவ என்ன பண்ணுவா?"

செல்வி என்னைப் பார்த்தாள். "அப்ப நாளைக்கு வரட்டுமா, வேணாங்களா சார்?"

எந்த நெருக்கடிக்கும் என்னிடம் இருந்த ஒரே மருந்தை எடுத்தேன். "தனம், திங்கக்கிழமை வரைக்கும் வாய்தா போட்டுப் பாக்கலாமே."

"உடனேன்னு ஷரத்து எழுதினது யாரு?"

நான்தான்.

அறிக்கை

தனலட்சுமி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மின்வெட்டு, பிரிண்ட், விதி எதுவும் இல்லாதது, மீட்ட காகிதங்கள், மீட்க முடியாதவை எல்லாம் வந்தன. ஓரிடத்தில் 'உணவுப் பொருள்' என்று நாசூக்காகப் போட்டேன். "பஜ்ஜின்னே போடு" என்றாள். கடலை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த மிளகாய் என்று விளக்கமும் சேர்த்து அனுப்பினோம். பாஸ்கர் ஃபேக்ஸ் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டார்.

அன்று இரவே அந்த அமெரிக்கக் கம்பெனியின் வக்கீல் அம்மாள் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டோம். வெளியே போன காகிதங்களை எப்படி மீட்டீர்கள் என்று கேட்டார். ஓடி மீட்டேன் என்றேன். மீதியை? வாங்கித் தின்று மீட்டேன் என்றேன். அந்தப் பக்கம் அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அமெரிக்கக் கைதிகளின் ஆரஞ்சு நிறச் சட்டை எனக்குப் பொருந்துமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: எடுத்துப் போன ஊழியரின் பெயர் என்ன?

பாஸ்கர் வாயைத் திறந்தார். தனலட்சுமி கையைக் காட்டி நிறுத்தினாள். "பெயர் தரமாட்டோம்" என்றாள் நிதானமான இங்கிலீஷில். "உங்கள் நோயாளிகளின் விவரத்தை அவசியமில்லாமல் வெளியே தரக் கூடாது என்கிறீர்கள். எங்கள் ஊழியர் விவரமும் அப்படித்தான். தவறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைத் திருத்தித் தருகிறோம்."

இப்படிப் பேசும் கட்சிக்காரனுக்கு எந்த நீதிமன்றத்திலும் ஜாமீன் கிடைக்காது.

அந்த அம்மாள், "நியாயம்" என்றார். பிறகு, உங்கள் ஊரில் தினமும் எவ்வளவு நேரம் மின்சாரம் போகும் என்று கேட்டார். ஒப்பந்தம் எழுதும்போதே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கான்ட்ராக்ட் தங்கியது. மூன்று மாதம் கண்காணிப்பு, ஒரு ஜெனரேட்டர், காகிதம் நறுக்கும் மெஷின் ஒன்று. பிரிண்ட்களைப் பூட்டி வைக்கும் பேப்பர் அறைக்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது, செல்வி பெயரை பாஸ்கரே சொன்னார். இவளைவிட ஜாக்கிரதையான ஆள் இனிமேல் இந்த மாவட்டத்தில் கிடைக்காது என்றார்.

கேடயம்

திருத்திய ஒப்பந்தம் கைமாறிக் கைமாறி வேலூர், சென்னை என்று போனது. ஆஸ்பத்திரிகளும் லேப்களும் எங்களைத் தேடி வந்தன. சில வருடம் கழித்து ஒரு வக்கீல்கள் அமைப்பு எங்கள் ஆபீசைச் சென்னைக்கு அழைத்து, மருத்துவத் தகவல் சட்டத்தில் முன்னோடி என்று கேடயம் கொடுத்தது. மேடையில் நான் பஜ்ஜியைப் பற்றி வாய் திறக்காததைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்கால் போனேன். செல்விக்குக் காட்ட வேண்டும் என்று பேப்பர் அறைக்குள் கால் வைத்தேன்.

"அங்கயே நில்லுங்க சார்" என்றாள்.

"நான்தாம்மா."

"தெரியுது சார். வெளியாளு உள்ள வரக்கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க எழுதினதுதான்."

கேடயத்தைக் கதவுக்கு வெளியிலிருந்தே உயர்த்திக் காட்டினேன். அவள் உள்ளேயிருந்தே பார்த்து, நன்றாயிருக்கிறது என்றாள். நான் எழுதிய விதிகளில் என்னையே வாசலில் நிறுத்தியது அது ஒன்றுதான். இளம் வக்கீல்களே, உங்கள் ஒப்பந்தம் தேறுமா என்று தெரிய வேண்டுமானால், உங்களை யாராவது உள்ளே விடுகிறார்களா என்று போய்ப் பாருங்கள். விட்டால், திருத்தி எழுதுங்கள்.