மூன்று நாள் நிற்கும் புருவம்

அழகுக்கடையில் கூட்டித் துடைக்கிறவனுக்கு அழகைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டியதில்லை. எப்போது அப்பால் நிற்கவேண்டும் என்று தெரிந்தால் போதும். பதர்ஸ்ட் தெருவில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசாரமான யூதப் பெண்கள். கல்யாணமானவர்கள் தங்கள் தலைமயிரைப் பிற ஆண்களுக்குக் காட்டமாட்டார்கள். விக் வைத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். கடையில் நீலத் திரைக்குப் பின்னால் போய்த்தான் அதைக் கழற்றுவார்கள். ஆகவே திரையை நான் தாண்டக்கூடாது. இந்தப் பக்கம் நானும் துடைப்பமும், அந்தப் பக்கம் ஆவியும் லவெண்டர் மணமும் குரல்களும். வேலைத்தலத்தின் பாதியைக் காதால் மட்டுமே கண்ட என்னைப் போன்ற பாவிகளுக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளிச் சூரியன்

வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கினால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு சனி இரவு வரை முகத்தில் மை, சாயம் எதுவும் பூசக்கூடாது. முன்னமே பூசியது நிற்கலாம். அதனால் வெள்ளி பின்னேரம் கடை பஸ் நிலையம் போல இருக்கும். முதலாளி ரீனா என்னை யன்னலடியில் நிறுத்திவிடுவாள், வெயிலைப் பார்த்துச் சொல்ல. வேலை கேட்டு வந்த நாளில் "உனக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டவள் அவள். அதை நான் மறக்கவில்லை.

மார்கழியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலேயே வெயில் சரியத் தொடங்கிவிடும். பனியில் பட்ட வெளிச்சம் இளஞ்சிவப்பாய் எதிர்ச் சுவரில் ஏறும். அதைப் பார்த்தால் யன்னலடியில் எதற்கு நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். அப்படி ஒருநாள் நான் பிந்திக் குரல் கொடுத்தபோது, உள்ளே ஒரு பெண்ணுக்கு ஒரு கண் மட்டும்தான் முடிந்திருந்தது. அவள் கோபிக்கவில்லை. விக்கை வைத்துக்கொண்டு வெளியே வந்து சொன்னாள்: "வலது கண் போதும். சாப்பாட்டு மேசையில் என் புருஷன் அந்தப் பக்கம்தான் இருப்பார்."

தலையணை

மிரியம் எங்கள் பழைய வாடிக்கைக்காரி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் அவருடைய மயிர் எல்லாம் போனது. தலைமயிர் திரும்ப முளைத்தது, புருவம் முளைக்கவில்லை. தினமும் பென்சிலால் கீறிக்கொள்வார். அந்த வருடம் அவர்களுடைய புதுவருடப் பண்டிகை வியாழனும் வெள்ளியுமாய் வந்தது. அதோடு ஓய்வுநாளும் ஒட்டிக்கொண்டது. பண்டிகையிலும் பூசக்கூடாது, ஆகவே மூன்று நாள் பென்சிலைத் தொட முடியாது.

புதன் பின்னேரம் எங்கள் கடையில் வேலை செய்யும் வசந்தி, மன்னார்ப் பிள்ளை, அழியாத மையால் கீறி அனுப்பினாள். மிரியம் மல்லாந்தபடியே அசையாமல் படுத்தாராம். இரண்டாம் இரவு, இரண்டு புருவமும் சின்னப் பறவைகளாகி ஒன்ராறியோ ஏரிக்கு மேலால் பறந்து போவதாய்க் கனவு கண்டாராம். அடுத்த கிழமை திரைக்குப் பின்னால் இருந்து அவர் குரல் கேட்டது: "விழித்துப் பார்த்தேன். ஒன்று திரும்பி வந்திருந்தது. மற்றது தலையணையில் இருந்தது."

சம்பந்திமார்

இது வெறும் அழகு விஷயம் இல்லை. மிரியத்தின் ஒரே மகனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் பெற்றோர் மொன்றியலில் இருந்து வந்து ஓய்வுநாள் முழுக்கத் தங்கப் போகிறார்கள். நோய் விஷயம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று மிரியம் பயந்தார். ஊசியால் தோலுக்குள் மை இறக்கிப் புருவம் கீறினால் ஒரு வருடம் போல நிற்கும். ஆனால் பச்சை குத்துவது அவர்கள் வேதத்தில் விலக்கு.

எனக்கு இது புதுக்கதை இல்லை. என் மனைவிக்கு இருந்த வலிப்பு வருத்தத்தை என் ஒன்றுவிட்ட தம்பி மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லி, மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோனது. மகள் பிறகு அதைவிட நல்ல இடத்தில் கட்டினாள். தம்பியோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டில் இதை வசந்திக்குச் சொன்னேன். அவள் சோற்றைக் குழைத்தபடி சொன்னாள்: "அண்ணை, உதுக்கு நீங்கள் தம்பிக்கு ஒரு பட்டுவேட்டியெல்லோ எடுத்துக் குடுத்திருக்கோணும்."

ரபியின் கேள்வி

மிரியம் தங்கள் குருவான ரபியிடம் கேட்டார். மிரியம் திரைக்குப் பின்னால் இருந்த நேரம் ரபி கடைக்கே போன் எடுத்தார். ரீனா ஸ்பீக்கரில் போட்டாள். மை எவ்வளவு ஆழம் இறங்கும், எப்போது மங்கும் என்று ஆறுதலாக விசாரித்தார். பிறகு மிரியத்திடம், புருவம் கீறாமல் கடைசியாய் எப்போது தெருவில் இறங்கினீர்கள் என்று கேட்டார். "இறங்கவே இல்லை" என்றார் மிரியம்.

மங்கிப்போகிற மைதானே, ஒரு மனுசியின் மானமும் இருக்கிறதே, செய்யலாம் என்றார் ரபி. ஆனால் அந்த விலக்கு இல்லாத, யூதர் அல்லாத ஒருவரின் கை செய்யட்டும் என்றார். ரீனா யூதப் பெண். அந்த வேலையை வசந்திக்குப் பழக்கியவளே அவள்தான். வேலை முதலாளியின் கையை விட்டுப் போனதில் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. ரீனா வசந்தியைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தத் தெருவிலேயே நல்ல கை என்னுடையது, வேலை கிடைத்தது உனக்கு. போ, கையை வடிவாய்க் கழுவு."

மீன்

சம்பந்திமார் வந்துபோன மறுகிழமை மிரியம் வந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே மெல்லிய பழுப்பில் இரண்டு புருவம். வெள்ளி இரவு, மெழுகுதிரிகள் பாதி எரிந்திருந்த நேரம், நானாகவே நோய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்றார். பெண்ணின் தாய் என்ன சொன்னார் என்று கேட்டேன். எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, மிரியத்தின் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தாராம். சனி இரவு புறப்படும்போது, கல்யாண மண்டபம் பார்க்கத் தொடங்குவோம் என்றாராம்.

சொல்லத்தான் போகிறீர்கள் என்றால் புருவம் எதற்கு என்று கேட்டேன். மிரியம் இரண்டையும் மெதுவாய் உயர்த்திக் காட்டினார். "அப்படி ஒரு செய்தியைச் சொல்லும்போது, மிஸ்டர் குணம், முகத்தில் உயர்த்த ஏதாவது இருக்கவேண்டும்."

எங்கள் கடையில் அழகு திரைக்கு அந்தப் பக்கம் நடக்கிறது, சம்பந்தம் மொன்றியலோடு நடக்கிறது, எது எங்கே நடந்தாலும் கூட்டிப் பெருக்குவது மட்டும் என் தலையில்தான்.