மூன்றாம் மாடியின் மஞ்சள் ஜன்னல்

“எங்க வீட்டுக்கு மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் கூடவே கலக்கி வைம்மா,” என்றாள் மூன்றாம் மாடித் தையல்கார அக்கா.

“ஏன்க்கா? அடுத்த மாசம் கரன்ட்டைக் குறைச்சிடலாம்,” என்றாள் ஓவியப் பெண்.

“எதைக் குறைக்க? ஃப்ரிட்ஜை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. தைக்கிறது கால் மிஷின்ல. அயர்ன் கூடப் பண்றதில்ல, ஜனங்க கசங்கலாத்தான் வாங்கிட்டுப் போறாங்க.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு கரன்ட்?”

அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். “எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல் போச்சு. ஆக்ஸிஜன் மிஷின் நாள் பூரா ஓடுது. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. பரிதாபப்பட்டு நாலு பேர் படியேறி வந்தா, அவருக்கு அதுலயே மூச்சு முட்டும்.”

ஓவியப் பெண் யாரிடமும் சொல்லவில்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அந்தச் சுவர் ஓவியம் அவளுடைய யோசனை. குடியிருப்பின் பக்கச் சுவரில் அந்தக் கட்டடத்தையே வரைந்திருந்தாள். நாற்பத்தெட்டு வீடு, நாற்பத்தெட்டு ஜன்னல். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் கீழே கூடுவார்கள். அவள் ஒவ்வொரு வீட்டு மீட்டர் அளவையும் உரக்கப் படிப்பாள். வரம்புக்குள் இருந்தால் நீலம், தாண்டினால் மஞ்சள். அவரவர் ஜன்னலை அவரவரே பூச வேண்டும்.

மூன்றாம் மாதம் நாற்பத்தேழு நீலமாகிவிட்டது.

“ஊரே அடங்கினாலும் நம்ம அக்கா வீட்ல மட்டும் கல்யாணக் களை!” என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். சிரிப்பு சுவரில் மோதி மேலே போயிற்று.

“என்ன சார் பண்றது, இருட்டுன்னா எனக்குப் பயம்,” என்று அக்காவும் சேர்ந்து சிரித்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, மஞ்சளைப் பிசிறில்லாமல் பூசினாள். தையலிலும் அவளுக்கு அந்தச் சுத்தம் உண்டு.

நான்காம் மாதம் அக்கா வீட்டு அளவு வரம்புக்குள் இறங்கியிருந்தது. டாக்டர் மிஷினைக் குறைக்கச் சொல்லியிருப்பார் என்று ஓவியப் பெண் நினைத்துக்கொண்டாள். “அக்கா, நீலம்!” என்று கூவியேவிட்டாள். கைதட்டல் அடங்கவில்லை.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் எதையும் குறைத்திருக்கவில்லை. தூரிகையைப் போட்டுவிட்டுப் படிகளில் ஓடினாள்.

அவள் துணி கொடுக்க வெளியே போகும்போதெல்லாம் அவர் மிஷினை அணைத்திருக்கிறார். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி போட்டிருக்கிறார். ஒரு மாதம் முழுக்க. அன்றே மூச்சுத் திணறி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போன ஓவியப் பெண்ணிடம், முகமூடியை விலக்கி அவரே சொன்னார். “கீழ சிரிச்சாங்கல்ல… இவ தலை நிமிர்ந்து நிக்கட்டும்னு தோணுச்சும்மா.”

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ஆனால் அதன்பின் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. இதயம் தளர்ந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார்கள்.

அடுத்த மாத முதல் ஞாயிறு ஓவியப் பெண் வெள்ளைப் பெயின்ட் வாளியோடு வந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட நினைத்தாள். அவளுக்கு முன்பே அக்கா கீழே வந்து நின்றிருந்தாள், கையில் தூரிகை.

“சுவர் என்னம்மா பண்ணும்? அழிக்காத, பிள்ளைங்க ஆசையா பூசுது. எங்க வீட்டு அளவை மட்டும் சத்தமாப் படிக்காதம்மா, என் காதோட சொல்லு. அவருக்குக் காத்து வேணும்னு ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன், கீழ படிக்கிறது அவருக்குக் கேட்டுடும்.”