முழுக்குத் தொட்டியில் வந்த சிரிப்பு

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் கைக்குழந்தை. அரியலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் சாமியார் என் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்ற, கோயிலே அதிர அழுதேனாம். அம்மா அதை இன்றும் பெருமையாகச் சொல்வாள். நன்றாக அழுதால் உள்ளே போகவேண்டியது போய்விட்டது என்று அர்த்தமாம்.

கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்த பிறகுதான், அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டில் செல்லாது என்று தெரிந்தது. என் மாமியார் போவது பெந்தெகொஸ்தே சபைக்கு. செல்போன் கடைக்கு மேலே மாடியில், கீபோர்டும் டிரம்மும் முழங்க ஆராதனை நடக்கும். வர முடியாதவர்களுக்கு நேரலையும் உண்டு. அங்கே ஞானஸ்நானம் என்றால் விவரம் தெரிந்த வயதில், மனம் ஒப்பி, முழு உடம்பும் தண்ணீருக்குள் போய் வருவது. குழந்தைகளுக்குப் பிரதிஷ்டை மட்டும்தான். பாஸ்டர் குழந்தையைக் கையில் ஏந்தி ஜெபித்துக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பார். அதற்கும் அப்பா அம்மா இருவரும் முழுகியிருக்க வேண்டும்.

என் கணவர் பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே முழுகிவிட்டார். பாக்கி நான்தான். எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இங்கே பிரதிஷ்டை ஆகவில்லை, அங்கே ஞானஸ்நானமும் ஆகவில்லை. பாப்பாவுக்குச் சளி பிடித்தால் அத்தை என்னைப் பார்ப்பார். சரியானால் மேலே பார்ப்பார்.

அம்மா வேறு போனில், "ஒருதரம் வாங்கினது பத்தாதா? ரெண்டாவது வாங்கினா மொதல்ல வாங்கினது என்னாவும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் ஊருக்குப் போனபோது சாமியாரிடமே கேட்டேன். அடுத்த பூசைக்கு வேறு ஊர் போகும் அவசரத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். மூன்று ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். "ஞானஸ்நானம் ஒருதரம்தாம்மா. ரெண்டாவது தரம் முழுகினா அது குளியல்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அது அனுமதியா, கண்டிப்பா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

கணவரிடம் கேட்டால், "ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தானே போன் போடுறாங்க, நீ ஏன் சிம் கார்டுக்கு அலட்டிக்கிற?" என்பார்.

நான் அலட்டிக்கொண்டது சிம் கார்டுக்கு இல்லை. பொய்யாக முழுகிவிடுவேனோ என்பதுதான் என் பயம். கான்வென்டில் படித்தவள் நான். மனப்பாடமான ஜெபங்களைத் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் பாதி மனசு, சரியாக முட்டி போட்டிருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கும். சபையில் கைகளை உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்துவேன், எவ்வளவு உயரம் என்று பக்கத்து அக்காவைப் பார்த்துக்கொண்டே. நான் கடவுளிடம் தடையில்லாமல் பேசுவது மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மட்டும்தான். "ஆண்டவரே, மழை வர்ற மாதிரி இருக்கே, போடலாமா வேண்டாமா?" என்கிற அளவில் இருக்கும் அந்தப் பேச்சு. அதை ஜெபம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் சரி என்றேன். சொன்னதும் அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தார். அந்தச் சந்தோஷத்துக்காக முழுகினால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

மாடிச் சபையில் முழுகுவதற்கு இடம் இல்லை. குன்னத்துக்கு அந்தப் பக்கம் சபைக்காரப் பெரியவர் ஒருவருடைய மக்காச்சோளக் கொல்லை இருக்கிறது. அங்கே மோட்டார் தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டியில்தான் எல்லாருக்கும் ஞானஸ்நானம். ஞாயிறு காலை வேனில் போனோம். வெள்ளைச் சுடிதாருக்குள் இன்னொரு சுடிதார், அதற்கு மேல் துப்பட்டா, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஊக்குகள். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வந்தது. முழுகப்போகிறவர்களில் நான்தான் கடைசி.

தொட்டியில் இறங்கியதும் தண்ணீர் மார்பு வரை வந்தது. பாஸ்டர் எனக்கு முன்னே நிமிர்ந்து நின்றார். முகம் விறைப்பாக இருந்தது.

"இயேசுவை உன் சொந்த இரட்சகரா ஏத்துக்குறியாம்மா?"

வாயைத் திறந்தேன். காலில் சுருக்கென்று ஏதோ கடித்தது.

"ஏத்... ஐயோ... ஏத்துக்கிறேங்க!"

கரையில் நின்ற அக்காமார், "ஸ்தோத்திரம்!" என்றார்கள். அடுத்த காலிலும் கடி. குனிந்து பார்த்தால் கலங்கல் தண்ணீரில் விரல் நீளத்துக்குக் கெண்டைக் குஞ்சுகள் என் பாதத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு காலைத் தூக்கினேன், மறுகாலை மாற்றினேன். ஞானஸ்நானத் தொட்டியில் ஆடிக்கொண்டு நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த நேரம் பார்த்துக் கணவரின் தோளிலிருந்து என் மகள் முழுக் குரலில் கத்தினாள்.

"அம்மா குளிக்கிது! அம்மா, சோப்பு! சோப்பு போடல!"

சாமியார் பைக்கில் உட்கார்ந்து சொன்ன குளியல் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். பாஸ்டர் என் தலையில் கை வைத்துப் பின்பக்கமாகச் சாய்க்கும்போதே சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. தண்ணீருக்குள்ளேயும் சிரித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறியது, காதுக்குள் குமிழி குமிழியாகச் சத்தம். மேலே வந்தபோது வெயில் கண்ணில் அடித்தது. இருமினேன், சிரித்தேன், மறுபடி இருமினேன். நிறுத்த முடியவில்லை. பாஸ்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பரிசுத்த ஆவியானவர் எறங்கிட்டாரு! சந்தோஷத்தால நெரப்பிட்டாரு!" என்று பாஸ்டரம்மா கையைத் தட்டினார். எல்லாரும் அல்லேலூயா சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தை கொல்லை வரப்பிலேயே முட்டி போட்டு அழுதார். அத்தை அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

துவட்டிக்கொண்டு வந்ததும் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். முழுகியவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பிரதிஷ்டை. பாஸ்டர் பாப்பாவை வாங்கத் தயாராக நின்றார். "ஆவியானவர் தொட்டார்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் நான் பயந்த பொய் அதுதான்.

"எனக்கு ஆவி வந்துச்சான்னு தெரியலைங்க. தொட்டியில மீன் கடிச்சுது. பாப்பா வேற சோப்புன்னு கத்துச்சு. அதான் சிரிச்சேன். மன்னிச்சுக்கங்க."

சோளத்தட்டைகள் உரசுவது கேட்டது. போச்சு, பிரதிஷ்டை போச்சு என்று நினைத்தேன். அத்தை இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

கொல்லைக்காரப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அது கடிக்காதே! கொசுப்புழு திங்கட்டும்னுல்ல விட்டேன்."

"கடிக்கிதுங்க ஐயா" என்றார் பாஸ்டர். ஈரச் சட்டையோடு நின்றவர் வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "காலையிலேருந்து என்னையத்தான் கடிக்கிது. ஊழியக்காரன் குதிக்கக் கூடாதேன்னு அடக்கிக்கிட்டு நின்னேன்."

பாஸ்டரம்மாதான் முதலில் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் முடியவில்லை. பிறகு கீபோர்டு அண்ணன், வேன் டிரைவர், அக்காமார் என்று வரிசையாக எல்லாரும். சிரிப்பு அடங்குவதற்குள் பாஸ்டர் பாப்பாவை வாங்கித் தலைக்கு மேலே தூக்கி ஜெபித்தார். ஜெபத்தின் நடுவில் அவர் குரலே இரண்டு தடவை குலுங்கியது. பாப்பா அவர் ஈரத் தலையைத் தடவி, "மாமாவுக்கும் சோப்பு" என்றாள்.

திரும்பும் வேனில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். பருத்திக் காடும் வெங்காயக் காடும் மாறி மாறிப் போயின.

"சபையில நின்னு மீனப் பத்திப் பேசுற. ஊரே சிரிக்கிது."

"பொய் சொல்லப் பயமா இருந்துச்சு அத்தை."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "தண்ணிக்குள்ள எப்புடி இருந்துச்சு?"

"கிச்சுக்கிச்சு மூட்டுன மாதிரி. யாரு மூட்டுனாங்கன்னுதான் தெரியல."

அத்தை என் ஈரப் பின்னலை மெதுவாக அவிழ்த்து விரித்துவிட்டார். "நான் முழுகினப்ப எனக்குப் பயம்தான் இருந்துச்சு. எப்படா மேல வருவோம்னு இருந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க, சமாதானமா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்." அப்புறம் மெல்ல, "நீ குடுத்துவச்சவ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுகிவிட்டேன் என்றேன்.

"பாப்பாவுக்கு?"

"பிரதிஷ்டை பண்ணியாச்சும்மா. அது ஞானஸ்நானம் இல்ல. அது பாக்கி இருக்கு."

"அப்ப அடுத்த மாசம் இங்க கூட்டிக்கிட்டு வா" என்றாள் உடனே. பிறகு தயங்கி, "மனசாரத்தான் முழுகினியாடி?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன், யோசிக்காமலே சொல்லியிருந்தேன். சரியா என்று ஒருமுறை உள்ளே தேடிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"அப்பன்னா சரி. தலைய நல்லாத் துவட்டு, சளி புடிச்சுக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள்.